கேட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்: பழைய பாடல்களை இணையத்தில் தேடிப் பிடிக்கும் வழி

பாலக்கோட்டுக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கும் என் பெரியம்மா, போன மாசி மாதத்தில் திண்ணையில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டே ஒரு பாட்டின் ஒற்றை வரியை முணுமுணுத்தார். ‘பேசும் வார்த்தை உண்மைதானா’ என்ற அந்த வரிக்கு முன்னால் என்ன வரும், பின்னால் என்ன வரும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. படத்தின் பெயரும் தெரியாது, பாடியவர் யார் என்பதும் தெரியாது. நான் உடனே கைப்பேசியை எடுத்து அந்த வரியை அப்படியே எழுதித் தேடினேன். பட்டிமன்றப் பேச்சுகளும், அறிவுரைக் காணொளிகளும், நேற்று வந்த பாடல்களும்தான் வரிசையாக வந்து நின்றன. அரை மணி நேரம் வீணான பிறகே, தேடுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: ‘பெரியம்மா, இதை எங்கே கேட்டீங்க?’

‘கொட்டாய்லதான். கலர் படம் கண்ணு அது. அப்புறம் உங்கப்பா மைக் செட்டுலயும் போடுவாரு’ என்றார்.

அந்த ஒரு பதிலில் பாட்டு பாதி கிடைத்துவிட்டது. எப்படி என்பதை விளக்குவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். பழைய பாட்டைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் வரியைப் பிடித்துக்கொண்டு அலைகிறார்கள். வரி நினைவில் எளிதில் திரிந்துபோகும். கேட்ட இடம் அவ்வளவு எளிதில் திரிவதில்லை. எங்கே, எதன் வழியாக, யாருடன் இருந்தபோது கேட்டார்கள் என்பதை முதலில் வாங்கிக்கொண்டால், தேட வேண்டிய ஆண்டுகளின் எல்லையும், அந்தப் பாட்டு இன்று எந்த வடிவத்தில் மிஞ்சியிருக்கும் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

கேட்ட இடம் என்ன சொல்லும்?

எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ‘கொட்டாய்’ என்றால் காட்டில் போட்டுக் குடியிருக்கும் வீடும் கொட்டாய்தான், சினிமா காட்டும் டூரிங் டாக்கீசும் கொட்டாய்தான். ஊர்ப் பெயர்களே பல அந்தச் சொல்லில் முடியும். சினிமாக் கொட்டாயில் பார்த்த படத்தைப் பற்றி ஒருவர் சொல்லும்போது ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நகரத்தில் ஓடி முடித்த படச்சுருள் பல மாதங்களுக்குப் பிறகும், சில படங்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகும்தான் கொட்டாய்க்கு வந்து சேரும் என்பதால், ‘என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பார்த்தேன்’ என்று சொல்வதை வைத்துக்கொண்டு படம் அந்த ஆண்டில் வெளிவந்தது என்று முடிவு கட்டக் கூடாது. அந்த ஆண்டிலோ அதற்கு முன்னாலோ வந்த படம் என்பது மட்டுமே உறுதி.

வானொலியில் கேட்டதாகச் சொன்னால், எந்த வானொலி என்று கேளுங்கள். 1952-இல் மத்திய அமைச்சர் பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தியபோது, கேட்பவர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியே திரைப்பாடல்களுக்கு இடம் தரும் விவித பாரதியைத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. மூத்தவர்கள் இன்றும் ‘சிலோன் ரேடியோ’ என்று சொல்வது அதனால்தான். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களின் குரலோடு சேர்த்துப் பாட்டை நினைவு வைத்திருப்பவரிடம் படத்தின் பெயரும் பாடகரின் பெயரும் பெரும்பாலும் இருக்கும். அறிவிப்பைக் கேட்டுக் கேட்டே மனப்பாடமானவை அவை. கொஞ்சம் பொறுமையாகப் பேச்சுக் கொடுத்தால் வெளியே வந்துவிடும்.

மைக் செட்டில் கேட்டவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஏதும் கிடையாது. பாட்டு மட்டும்தான் ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஆனால் மைக் செட்டுக்கே உரிய ஒரு பயன் உண்டு. அந்தக் காலத்தில் ஒலித்தவை நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் ‘78 சுற்று’ இசைத்தட்டுகள் என்றால், அந்தப் பாட்டு தட்டாக வெளிவந்தது என்பது உறுதியாகிறது; தட்டாக வந்த பாட்டுக்கு ஒரு லேபிளும் எண்ணும் இருந்தே தீரும். படத்தில் மட்டும் இடம்பெற்றுத் தட்டில் வராத பாடல்களும், தட்டில் வந்து படத்தில் வெட்டப்பட்ட பாடல்களும் ஏராளம் என்பதால் இந்த வேறுபாடு சிறியதல்ல.

வெள்ளிக்கிழமை மாலை சென்னைத் தொலைக்காட்சியின் ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியில் பார்த்ததாகச் சொல்பவர்களுக்குக் காட்சி நினைவிருக்கும். மரம், படகு, நடிகையின் புடவை என்று வர்ணிப்பார்கள். அவர்களிடம் வரியைக் கேட்டு வருத்தாமல், நடித்தவர்கள் யார் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒலிநாடாவில் கேட்டவர்களின் நினைவு வேறு மாதிரியானது. எண்பதுகளில், வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்து 60 நிமிட நாடாவிலோ 90 நிமிட நாடாவிலோ பதிவு செய்து வாங்கியவர்களுக்கு, ஒரு பாட்டு முடிந்ததும் எந்தப் பாட்டு வரும் என்பது இன்றும் காதில் ஒலிக்கும். அந்த அடுத்த பாட்டு பெரும்பாலும் அதே ஆண்டை அல்லது அதே பாடகரைச் சேர்ந்ததாக இருக்கும்.

தேடுபெட்டியில் எதை எழுதுவது

இப்போது பெரியம்மாவின் பாட்டுக்கு வருகிறேன். கொட்டாய், கலர் படம், அப்பாவின் மைக் செட்டில் ஓடிய 78 சுற்றுத் தட்டு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தட்டுகள் புழக்கத்தில் இருந்த காலத்தில் முழுக்க வண்ணத்தில் வந்த தமிழ்ப் படங்கள் எத்தனை என்ற கேள்வி வருகிறது. விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் முதலாவது எங்கள் பக்கத்து ஊரான சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்து, 1956 பொங்கலுக்கு வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. படத்தின் பெயரை எழுதி, அதனுடன் ‘பாடல்கள்’ என்ற சொல்லை மட்டும் சேர்த்துத் தேடியபோது, ‘மாசிலா உண்மைக் காதலே’ முதல் வரிசையிலேயே வந்தது. பெரியம்மா நினைவில் வைத்திருந்தது பல்லவியை அன்று. ஆண்குரலுக்குப் பதில் சொல்லப் பெண்குரல் எழுந்து கேட்கும் கேள்வியை.

இதில் ஒரு பொதுப் பாடம் இருக்கிறது. பாட்டுக்குப் பெயர் வைப்பவர்கள் எப்போதும் பல்லவியின் முதல் வரியைத்தான் வைப்பார்கள். கேட்டவர்களின் மனத்தில் தங்குவதோ சரணத்தின் உச்சியில் வரும் வரி, அல்லது ஜோடிப் பாட்டில் இரண்டாவது குரல் நுழையும் வரி. எனவே கையில் உள்ள வரியைக் காணொளித் தளத்தில் தேடிக் கிடைக்காவிட்டால், பாடல் வரிகளை முழுமையாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கும் பக்கங்கள் அகப்படும்படி கூகிளில் தேடுங்கள். வரியை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால் அதே சொல்வரிசை உள்ள பக்கங்கள் மட்டும் வரும். ஒன்றும் வராவிட்டால் மேற்கோளை எடுத்துவிட்டு, வரியில் அதிகம் புழங்காத சொற்கள் இரண்டை மட்டும் வைத்து ‘பாடல் வரிகள்’ என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘காதல்’, ‘கண்ணே’, ‘நிலவு’ போன்றவை பழைய பாட்டில் எங்கும் கிடப்பவை. அவற்றை வைத்துத் தேடுவது சந்தைக்கூட்டத்தில் வெள்ளை வேட்டி கட்டியவரைத் தேடுவது போலத்தான்.

தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியே தேட வேண்டும். பழைய பாடல்களைப் பதிவேற்றியவர்களில் பலர் தலைப்பை ஆங்கில எழுத்தில் மட்டுமே எழுதியிருக்கிறார்கள், அதையும் தங்கள் விருப்பப்படி. ‘ழ’ வரும் இடத்தில் ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். நெடிலுக்கு ஒருவர் ஏ எழுத்தை இரண்டு முறை எழுதுவார், இன்னொருவர் ஒரு முறையோடு விட்டுவிடுவார். ‘சுசீலா’வில் எச் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு எழுத்துக்கூட்டலில் கிடைக்கவில்லை என்பதால் பாட்டே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தட்டச்சு செய்யத் தடுமாறும் மூத்தவர்கள், கைப்பேசியின் விசைப்பலகையில் உள்ள ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினாலே போதும். வரியைப் பாடாமல், செய்தி வாசிப்பது போல நிறுத்திச் சொன்னால் எழுத்துகள் ஓரளவு சரியாக விழும்.

மெட்டு மட்டும் நினைவிருந்து சொல் ஏதும் இல்லாவிட்டால், கூகிள் செயலியில் 2020 முதல் உள்ள முணுமுணுத்துத் தேடும் வசதியைப் பயன்படுத்தலாம். பத்துப் பதினைந்து விநாடி ‘லா லா’ என்று பாடினாலே சில பாடல்களை அடையாளம் காட்டுகிறது. புகழ்பெற்ற பாட்டாக இருந்தால் வாய்ப்பு அதிகம். ஐம்பதுகளின் அரிய பாட்டில் நான் பல முறை தோற்றிருக்கிறேன். ஷாசாம் போன்ற செயலிகள் வேறு வகை. அவை ஒலிப்பதிவின் கைரேகையை ஒப்பிடுபவை என்பதால், தேநீர்க் கடையில் ஒலித்துக்கொண்டிருக்கும் பாட்டைக் கண்டுபிடிக்கும். உங்கள் வாய்ப்பாட்டுக்கு அவற்றிடம் பதில் இருக்காது.

எங்கள் எல்லை மாவட்டங்களுக்கென்றே ஒரு தனி வழி இருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கத்து வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் தமிழோடு சேர்ந்தே புழங்குகின்றன. பெங்களூரு வானொலி அங்கே அண்டை வீட்டு வானொலி. ஒரே மெட்டு இரண்டு மொழிகளில், சில சமயம் மூன்று மொழிகளில், வெவ்வேறு சொற்களோடு வந்த காலம் அது. எனவே தமிழ் வரியில் தேடிச் சலித்துப்போனால், ‘இதைத் தெலுங்கிலோ கன்னடத்திலோ கேட்டிருக்கிறீர்களா’ என்று வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள். பி.பி.ஸ்ரீனிவாஸ் தமிழிலும், ராஜ்குமாரின் குரலாகக் கன்னடத்திலும் பாடிக் குவித்தவர், கண்டசாலா, பி.சுசீலா, எஸ்.ஜானகி ஆகியோர் மொழி எல்லையைப் பொருட்படுத்தாதவர்கள். மற்ற மொழிப் பாட்டின் பெயர் கிடைத்துவிட்டால், அந்தப் படத்தின் தமிழ் வடிவம் எது என்று பார்த்துத் திரும்பி வருவது எளிது. நான் இந்த வழியில் பிடித்த பாடல்கள் ஐந்தாறு இருக்கும்.

கிடைத்தது அதுதானா?

தேடிப் பிடிப்பதைவிடச் சரிபார்ப்பது கடினம். அதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மேலே சொன்ன பாட்டையே எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த பதிவேற்றங்களில் ஒன்றில் பாடியவர் பி.பி.ஸ்ரீனிவாஸ் என்று எழுதியிருந்தது. பாடியவர்கள் ஏ.எம்.ராஜாவும் பி.பானுமதியும், எழுதியவர் அ.மருதகாசி, இசை எஸ்.தட்சிணாமூர்த்தி. இந்தப் பிழை எப்படி நேர்ந்திருக்கும் என்று ஊகிப்பது எளிது. இருவர் குரலும் மென்மையானவை. ஜெமினி கணேசனுக்கு ஐம்பதுகளில் பெரும்பாலும் ஏ.எம்.ராஜா பாடினார், அறுபதுகளில் அந்த இடத்துக்குப் பி.பி.ஸ்ரீனிவாஸ் வந்தார். அறுபதுகளின் பாடல்களை மட்டும் கேட்டு வளர்ந்த காது, மென்மையான ஆண்குரல் எதைக் கேட்டாலும் ஸ்ரீனிவாஸ் என்று எழுதிவிடும். இருவர் பாடிய பாடல்களிலும் உறுதியாகத் தெரிந்தவை மூன்று மூன்றை அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, ஐயத்துக்குரிய பாட்டைக் கேளுங்கள்; வேறுபாடு தானாகவே புலப்படும்.

பெயர்ப் பிழைகளைப் பிடிக்கச் சில ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பது பேருதவி. கண்ணதாசன் திரைக்கு எழுதத் தொடங்கியது 1949-இல்; அதற்கு முந்திய படத்துப் பாட்டுக்கு அவர் பெயர் ஒட்டியிருந்தால் அது தவறு. எஸ்.ஜானகி திரையில் பாட வந்தது 1957-இல். விசுவநாதனும் ராமமூர்த்தியும் 1965-இல் பிரிந்தார்கள். அறுபதுகளின் கடைசியில் வந்த படத்துக்கு இருவர் பெயரும் சேர்ந்திருந்தால் ஐயப்பட வேண்டும். இளையராஜா வந்தது 1976-இல். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் காலமானார் என்பது மட்டும் ஒரு வெட்டுக்கோடாகப் பயன்படாது. எழுதி வைத்துப் போன பாடல் பின்னால் வந்த படத்திலும் இடம்பெறலாம் அல்லவா?

இணையத்தில் பத்து இடத்தில் ஒரே செய்தி இருப்பது சான்றாகாது; ஒருவர் எழுதியதைப் பார்த்து ஒன்பது பேர் எழுதியிருப்பார்கள். இசைத்தட்டின் லேபிளைப் படம் பிடித்துப் போட்டிருக்கும் பதிவேற்றங்களுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். அந்த வட்டத் தாளில் படத்தின் பெயர், பாட்டின் முதல் வரி, பாடியவர், பல சமயம் இசையமைத்தவர், கீழே தட்டின் எண் ஆகிய அனைத்தும் அச்சில் இருக்கும், எச்.எம்.வி. தட்டென்றால் என் என்ற எழுத்திலும், கொலம்பியா தட்டென்றால் ஜி-ஈ என்ற எழுத்துகளிலும் எண் தொடங்குவதைக் காணலாம். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால், அதே தட்டின் மறுபக்கத்தில் என்ன பாட்டு இருந்தது என்பது வரை தேடிப் போக முடியும். இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் 78 சுற்றுத் தட்டுகளை லேபிள் படத்தோடு ஏற்றி வைத்திருக்கிறார்கள். தமிழ்த் தட்டுகளும் அவற்றில் உண்டு.

அடுத்த சான்று பாட்டுப் புத்தகம். படம் ஓடும் இடத்தில் மலிவு விலைக்கு விற்ற, கதைச் சுருக்கத்தை முக்கால் பங்கு சொல்லிவிட்டு ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடும் அந்த மெல்லிய புத்தகங்கள் இன்று பெருமதிப்பு வாய்ந்தவை. சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அவற்றின் பெரிய தொகுப்பு இருக்கிறது. நம் பக்கத்தில் பழைய தாள் வாங்குகிறவர்களிடமும், போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் தரையில் விரித்துப் பழைய பொருள் விற்பவர்களிடமும் விசாரித்துப் பார்ப்பதில் நட்டமில்லை. படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பொறுத்தவரை ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: பின்னணி பாடியவர்கள் என்று ஒரு கூட்டமாகப் பெயர் வரும், எந்தப் பாட்டை யார் பாடினார் என்பது வராது. ஒருவர் அந்தப் படத்தில் பாடவே இல்லை என்று நிறுவ அது உதவும். இந்தப் பாட்டை இவர்தான் பாடினார் என்று நிறுவ உதவாது.

நீளத்தையும் பாருங்கள். பத்து அங்குல 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். நீண்ட பாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள், அல்லது ஒரு சரணத்தை வெட்டினார்கள். இணையத்தில் கிடைத்த பாட்டு நடுவில் ஒரு கணம் நின்று, இரைச்சல் மாறித் தொடர்ந்தால், அது தட்டைத் திருப்பிப் போட்ட இடம். அம்மா ‘இன்னொரு சரணம் இருந்ததே’ என்று சொன்னால் அவரை நம்பிப் படத்தைத் தேடுங்கள். தட்டில் இல்லாத சரணம் படத்தில் இருக்கலாம்.

சுருதி மாறிய பதிவேற்றங்கள் ஒரு பெருந்தொல்லை. தட்டோ நாடாவோ தவறான வேகத்தில் ஓடியதாலும், உரிமையாளரின் தானியங்கிக் கண்காணிப்பில் சிக்காமலிருக்க வேண்டுமென்றே மாற்றுவதாலும் இது நேர்கிறது. வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும்; குரல் இளமையாகவும் தாளம் அவசரமாகவும் ஒலிக்கும். ஆர்மோனியம் இருக்கும் வீடென்றால் இரண்டு பதிவேற்றங்களின் ஆதார சட்சத்தை, அதாவது ‘ச’ என்ற அடிப்படைச் சுரத்தை, வைத்து ஒப்பிடலாம். இல்லாவிட்டால் சுருதி காட்டும் செயலி போதும். யூடியூப்பில் உள்ள வேகக் குறைப்பு வசதி இதற்கு மருந்தாகாது, ஏனென்றால் அது சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றுகிறது.

காணொளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய சதுரமான சட்டகத்தை அகலத் திரைக்கு ஏற்ப வெட்டியதில் நடிகரின் நெற்றியும் நடனமாடுபவரின் பாதமும் காணாமல் போயிருக்கும். ‘4கே’ என்ற முத்திரையைப் பார்த்து மயங்காமல், மங்கலாக இருந்தாலும் முழுச் சட்டகம் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கணினியால் வண்ணம் பூசியவையும் நிறைய உலவுவதால், ‘கலர் படம்’ என்ற பெரியம்மாவின் குறிப்பு அடுத்த தலைமுறைக்குப் பயன்படாமல் போகக்கூடும். ஒரு பாட்டின் ஒலியை வேறொரு படத்தின் காட்சியோடு ஒட்டியவையும் உண்டு. வாயசைவு இரண்டு வரிக்கு மேல் பொருந்தாவிட்டால் விலகிவிடுங்கள்.

வீட்டு நாடாக்களும் கூத்துப் பதிவுகளும்

திரைப்பாட்டைத் தேடப் பலர் இருக்கிறார்கள். இந்த மாவட்டங்களுக்கே உரிய ஒலிகளைத் தேட நம்மைத் தவிர யாரும் வரமாட்டார்கள். திரௌபதி அம்மன் கோவில் பாரதத்தின்போது விடிய விடிய நடக்கும் கூத்துகள், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஒலிநாடாவில் பதிவாகிக் கைமாறின. இப்போது அவற்றில் சிலவும், அண்மையில் கைப்பேசியில் பிடித்த முழு இரவுக் காணொளிகளும் யூடியூப்பில் இருக்கின்றன. தேடும்போது ‘தெருக்கூத்து’ என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கள் பக்கம் கூத்தை ‘நாடகம்’ என்றே சொல்வதுண்டு என்பதால், பதிவேற்றியவரும் அப்படித்தான் எழுதியிருப்பார். ‘தருமபுரி’ என்றும் ‘தர்மபுரி’ என்றும் இரண்டு விதமாகவும் தேடுங்கள். கர்ண மோட்சம், பதினெட்டாம் போர், அர்ச்சுனன் தபசு என்று கதையின் பெயரையும், பென்னாகரம், அரூர், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை என்று ஊரின் பெயரையும் சேர்த்துப் பார்க்கலாம். கால அளவு வடிகட்டியில் 20 நிமிடத்துக்கு மேற்பட்டவற்றை மட்டும் காட்டச் சொன்னால் துண்டுகள் விலகி முழு நிகழ்ச்சிகள் வரும்.

பரணில் கிடக்கும் நாடாவை நீங்களே கணினியில் ஏற்றலாம். நான் முதலில் ஏற்றிய நாடாவைக் கெடுத்தவன். தூசியைத் துடைக்காமல், பல ஆண்டுகள் சுற்றாமல் கிடந்ததை அப்படியே போட்டு ஓடவிட்டதில், நாடா உருளையில் சுற்றிக்கொண்டு ஒரு முழ நீளத்துக்குக் கசங்கிவிட்டது. பெரியப்பா குரலில் ஒரு தாலாட்டு அந்த ஒரு முழத்தில் இருந்தது. எனவே முதலில் நாடாவைத் திறந்த வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தால் ஓட்டாதீர்கள். நடுவில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் திண்டு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். கழன்றிருந்தால் நாடாவை வேறொரு கூட்டுக்கு மாற்ற வேண்டும். பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகித் தளர்ச்சியைச் சுற்றி இறுக்குங்கள். பிறகு ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரு முறை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். ஓட்டும் கருவியின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள்.

மடிக்கணினியில் உள்ள ஒற்றைத் துளையில் ஒலி உள்ளே போகும் வழி பெரும்பாலும் ஒலிவாங்கிக்கானது. அதில் நேராகச் செருகினால் ஒலி கரகரக்கும், இரட்டைத் தடமும் ஒற்றையாகிவிடும். யூ.எஸ்.பி. வழியாக ஒலியை உள்ளே எடுக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியுங்கள். ஒலி அளவு எந்த இடத்திலும் உச்சியைத் தொடாதபடி, மிக உரத்த இடத்தில்கூடக் கழித்தல் 6 டெசிபலுக்குள் நிற்குமாறு வைத்தால் போதும்; குறைவாகப் பதிந்ததைப் பின்னால் கூட்டலாம், வெட்டுப்பட்டதை மீட்க முடியாது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பு என்று வைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்.பி. ஆகும், 60 நிமிட நாடா ஒன்று 600 எம்.பி.-யைச் சற்றுத் தாண்டும். இரைச்சலை நீக்கும் ஆசை வரும். மூலத்தை அப்படியே ஒரு பிரதி வைத்துவிட்டு, மற்றொரு பிரதியில் மட்டும் கை வையுங்கள். அதிகமாக நீக்கினால் கூத்தில் ஊதும் முகவீணை தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஒலிக்கும்.

ஏற்றிய கூத்தைப் பொதுவில் போடுவதற்கு முன் பாடியவரையோ அவர் குடும்பத்தையோ கேட்டுவிடுங்கள். எங்கள் பக்கத்தில் அவர்கள் பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில்தான் இருப்பார்கள், பதிவு வேறு யாரிடமெல்லாம் இருக்கிறது என்பதையும் அவர்களே சொல்வார்கள். திரைப்பாட்டைப் பொறுத்தவரை, இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை, படைத்தவர் காலமான பிறகு 60 ஆண்டுகள். எனவே 1956-ஆம் ஆண்டின் ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம் முடிந்திருந்தாலும், அதன் வரிக்கும் மெட்டுக்கும் முடிந்ததாகக் கொள்ள முடியாது. 1981-இல் காலமான கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 முடியும் வரை காப்பு உண்டு. கேட்பதற்கும் வீட்டில் வைத்துக்கொள்வதற்கும் வேண்டியதைப் பற்றியே நான் இங்கே பேசுகிறேன்; பதிவேற்ற நினைப்பவர்கள் இந்த இரண்டு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

கிடைத்ததையெல்லாம் எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். சுட்டிகள் மறைந்துபோகும், நேற்றுக் கேட்ட காணொளி இன்று நீக்கப்பட்டிருக்கும். முதல் வரி, நினைவிலிருந்த வரி, படம், ஆண்டு, பாடியவர், எழுதியவர், இசை, தட்டின் எண், சான்று எங்கே கண்டது என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். சான்று கிடைக்காத கட்டத்தை ஊகத்தால் நிரப்பாமல் வெறுமையாக விடுங்கள். கடைசிக் கட்டத்தை, கேட்ட இடத்துக்கும் கேட்டவர் சொன்னதற்கும் ஒதுக்குங்கள். கண்டுபிடித்த பாட்டை உரியவரிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டும்போது, முதலில் காட்சி இல்லாமல் ஒலியை மட்டும் போடுங்கள். காட்சியைப் பார்த்தால் நடிகர்களைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும்; ஒலியை மட்டும் கேட்டால்தான் பழைய இடம் நினைவுக்கு வரும்.

பெரியம்மாவுக்கு அப்படித்தான் போட்டேன். புளி உடைக்கும் கை நின்றது. பானுமதி குரல் எழுந்து ‘பேசும் வார்த்தை’ என்று தொடங்கியதும் தலையை ஆட்டினார். பாட்டு முடிந்ததும், ‘அதேதான். ஆனா அந்த எடத்துல நாலு தரம் திரும்பித் திரும்பிப் பாடுவாங்களே, அதைக் காணோமே’ என்றார். அப்பாவின் தட்டில் அந்த இடத்தில் ஒரு கீறல் இருந்தது; ஊசி அங்கே மாட்டிக்கொள்ளும், யாராவது போய்த் தட்டிவிட்டால்தான் மேலே நகரும். கடைசிக் கட்டத்தில் அதை எழுதிவைத்தேன்: ‘மைக் செட். ஊசி சிக்கி நான்கு முறை.’